சமூக சேவைக்கு சோஷியல் மீடியா: எங்கிட்ட திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

சேவைக் குழுக்களுக்கு பேஜ் பாத்துக்கிற வேலையை சம்பளம் இல்லாம செஞ்சிட்டு இருக்கேன். புதுசா எந்தக் குழு வந்தாலும் இதே கேள்விங்கதான் வரும், ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு போட்டு தொண்டை போச்சு, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கேள்வியெல்லாம் அவங்க கேட்ட மாதிரியேதான் இருக்கு. மேலேருந்து படிங்க, ஒரு தடவை சொன்னதைக் கீழ மறுபடி சொல்லல.

நாங்க அஞ்சாறு பேர்தான், அமைதியா எங்க வேலையைப் பாத்துட்டுப் போறோம், எங்களுக்கு எதுக்குங்க பேஜு கீஜு எல்லாம்?

கட்டாயம் ஒண்ணும் இல்ல. ஆனா புது ஆள் வேணும்ங்கிறப்பவும், திடீர்னு ஒரு அவசரம் வர்றப்பவும், யாராவது "இவங்க யாருன்னே தெரியலையே"னு சந்தேகப்படுறப்பவும் மாட்டிப்பீங்க. அன்னிக்கு உக்காந்து பேஜ் ஆரம்பிச்சா ஒண்ணும் நடக்காது. நேத்து ஆரம்பிச்ச பேஜ்ல இன்னிக்கு பணம் கேட்டா நான்கூட தர மாட்டேன். மாசத்துக்கு ரெண்டு போஸ்ட் போட்டாக்கூட போதும், எதுவும் கேக்காம சும்மா என்ன செஞ்சோம்னு மட்டும், அது பின்னாடி உங்களுக்கு சாட்சி மாதிரி நிக்கும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டா, யூடியூப், எக்ஸ், டெலிகிராம் எல்லாத்துலயும் ஆரம்பிச்சிடவா?

வேணாங்க. ரெண்டு போதும், ஒண்ணு தெரியாதவங்க தேடி வர்ற இடம், இன்னொண்ணு தெரிஞ்சவங்ககிட்ட பேசுற இடம். முதல்ல சொன்னதுக்கு உங்க ஆளுங்க எங்க அதிகமா இருக்காங்களோ அது, ரெண்டாவதுக்கு பெரும்பாலும் வாட்ஸப்தான். வாட்ஸப்ல பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே மெசேஜை பல பேருக்குத் தனித்தனியா அனுப்புற பட்டியல்) வெச்சா ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரைக்கும் சேக்கலாம், ஆனா உங்க நம்பரை சேவ் பண்ணி வெச்சவங்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போய்ச் சேரும், இது தெரியாம "யாருமே பதில் போடல"னு வருத்தப்படுறவங்க நிறைய. மொத வேலையா நம்பரை சேவ் பண்ணச் சொல்லுங்க.

போஸ்ட்ல என்ன எழுதுறதுன்னே தெரியல, "உங்களால் இயன்ற உதவியை செய்யுங்கள்"னு போட்டா போதாதா?

அந்த வரியைப் படிச்சிட்டு யாரும் எந்திரிச்சு வந்து நான் பாத்ததில்ல. இயன்ற உதவின்னா என்னன்னு படிக்கிறவர் யோசிக்கணும், யோசிக்க ஆரம்பிச்சா அப்புறம் பாத்துக்கலாம்னு தோணும், விரல் அடுத்த ரீலுக்குப் போயிடும். ஒரு போஸ்ட்ல ஒரே ஒரு வேலை கேளுங்க. "சனிக்கிழமை காலைல ஒம்போதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் புத்தகம் பிரிச்சு அடுக்க நாலு பேர் வேணும், தூக்குற வேலை இல்ல, பெரியவங்களும் வரலாம்"னு போட்டுப் பாருங்க. நாலு பேர்னு சொன்னதாலயே ஆறு பேர் வருவாங்க.

கூடவே நாலு விஷயம் இருக்கணும்: போஸ்ட் போட்ட தேதி, எதுவரைக்கும் தேவை, யாரைக் கேக்கணும், கிடைச்சதும் எங்க சொல்லுவோம். இந்த கடைசி ஒண்ணைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. வேலை முடிஞ்சதும் அதே போஸ்ட்டுக்குத் திரும்பப் போய் மேலயே "முடிஞ்சது, நன்றி"னு தேதியோட எழுதணும். நாங்க இதை போஸ்ட்டை மூடுறதுன்னு சொல்லுவோம். ஏன் இதையே பிடிச்சிட்டு நிக்கிறேன்னு அடுத்த பதில்ல புரியும்.

ரத்தம் வேணும்னு மெசேஜ் வந்தா உடனே ஃபார்வர்ட் பண்றது நல்லதுதானே?

ஒரு போன் பண்ணிட்டு பண்ணுங்க. அந்த நம்பருக்குக் கூப்பிட்டு இன்னும் தேவையான்னு கேக்க அரை நிமிஷம் ஆகும், அதைக்கூட செய்ய மனசில்லன்னா ஃபார்வர்டும் வேணாம். ரத்தம்ங்கிறது நேரத்தோட ஓடுற விஷயம், சிவப்பணுவை ஆறு வாரம் வரைக்கும் வெச்சிருக்கலாம், தட்டணுவை (பிளேட்லெட்) அஞ்சு நாள், மிஞ்சினா ஒரு வாரத்துக்கு மேல வெச்சிருக்க முடியாது, கேட்டவரோட அவசரமும் சில நாள்ல முடிஞ்சிடும், அதனால இன்னிக்குக் கேட்டது அடுத்த வாரம் பெரும்பாலும் தேவைப்படாது.

நானே ஒரு தப்பு பண்ணேன். ஒருத்தருக்கு ரத்தம் கேட்டு படம் தயார் பண்ணும்போது, இடம் பத்தலன்னு தேதியை எடுத்துட்டேன். அழகா இருந்துச்சு, நல்லா பரவுச்சு, ரத்தமும் கிடைச்சுது. ஆனா படம் சுத்துறது நிக்கல. கொஞ்ச நாள் கழிச்சு அவரோட பொண்ணு கூப்பிட்டுச்சு, "அண்ணே, அப்பா போய் ஒன்றரை மாசம் ஆச்சு, இன்னிக்குக் காலைலயும் ரெண்டு பேர் போன் பண்ணி எந்த வார்டுன்னு கேட்டாங்க." கோவமா பேசியிருந்தாக்கூட தேவலாம், அது மெதுவாத்தான் சொல்லுச்சு. அதுக்கப்புறம் தேதி இல்லாம எங்கிட்டேருந்து ஒரு படமும் போனதில்ல, சொந்த நம்பருக்குப் பதிலா குழு நம்பரைத்தான் போடுறோம்.

வாட்ஸப்ல சில மெசேஜை ஒருத்தருக்கு மேல அனுப்ப விட மாட்டேங்குதே, பேன் ஆகிட்டனா?

இல்லல்ல. 2019 ஜனவரிலேருந்து எந்த மெசேஜையும் ஒரு தடவைல அஞ்சு சாட்டுக்கு மேல ஃபார்வர்ட் பண்ண முடியாது, 2020 ஏப்ரல்லேருந்து பல கை மாறி வந்த மெசேஜ்னா ஒரே ஒரு சாட்டுக்குத்தான். வதந்தி பரவுறதைக் குறைக்க வெச்சது. ரெட்டை அம்புக்குறி தெரிஞ்சா அது ரொம்ப சுத்தி வந்த மெசேஜ்னு அர்த்தம், நீங்க சந்தேகப்பட வேண்டிய மெசேஜும் அதுதான்.

லைக் ஆயிரம் தாண்டுது, ஆனா வர்றது நாலு பேர்தான், எங்க தப்பு பண்றோம்?

தப்பு உங்க மேல மட்டும் இல்ல. லைக் போட்டதுமே நம்ம பங்கை செஞ்சுட்டோம்னு மனசு திருப்தி ஆயிடுது. 2014ல வந்த ஒரு ஆய்வுல இதைப் பாத்தாங்க: நாலு பேர் பாக்குற மாதிரி சின்னதா ஆதரவு காட்டினவங்க, அதே ஆதரவை யாருக்கும் தெரியாம காட்டினவங்களைவிட பின்னாடி உண்மையான உதவி கேட்டப்போ கம்மியா செஞ்சாங்க. யுனிசெஃப்போட ஸ்வீடன் கிளை 2013ல ஒரு விளம்பரமே போட்டுச்சு, எங்க பேஜுக்கு லைக் போட்டீங்கன்னா சரியா பூஜ்ஜியம் குழந்தைங்களுக்கு போலியோ தடுப்பூசி போடுவோம்னு. எனக்கு ரொம்பப் பிடிச்ச குசும்பு அது.

செய்ய வேண்டியது என்னன்னா, லைக் போட்டவரை அப்படியே விட்டுடாதீங்க. கமெண்ட்ல "சூப்பர்"னு எழுதினவருக்கு தனியா ஒரு மெசேஜ், "நன்றிங்க, இந்த சனிக்கிழமை ஒரு மணி நேரம் வர முடியுமா?"னு. பத்துல ஒருத்தர் சரின்னு சொன்னா அதுவே நல்ல அறுவடை.

எத்தனை பேர் பாதிக்கப்பட்டாங்கன்னு கணக்கு போடுறதா, இல்ல ஒருத்தர் கதையைச் சொல்றதா?

ஒருத்தர் கதை. 2007ல வெளியான ஒரு ஆய்வு இதுல ரொம்பப் பிரபலம், கலந்துக்கிட்டவங்க கைல அஞ்சு டாலர் குடுத்து, அதுல எவ்வளவு வேணாலும் பட்டினிக்கு எதிரா தானம் பண்ணலாம்னு சொன்னாங்க. லட்சக்கணக்கான பேர்னு புள்ளிவிவரம் படிச்சவங்க சராசரியா 1.14 டாலர் குடுத்தாங்க, மாலி நாட்டுல ஒரு ஏழு வயசுப் பொண்ணைப் பத்திப் படிச்சவங்க 2.38 குடுத்தாங்க. ரெண்டையும் சேத்துப் படிச்சவங்க? 1.43தான். கதையோட கணக்கை ஒட்ட வெச்சா கதையோட சூடும் சேந்து ஆறிடுது.

அதுக்காக கணக்கை மறைக்கணும்னு இல்ல. போஸ்ட்ல கதை இருக்கட்டும், விவரம் கேட்டு வர்றவருக்கு அடுத்த பக்கத்துல கணக்கு இருக்கட்டும்.

கதைன்னா போட்டோ வேணுமே, கொஞ்சம் அழுற மாதிரி இருந்தாதானே பணம் வரும்?

வரும். பொய் சொல்ல மாட்டேன், வரும். ஆனா அந்தப் படத்துல இருக்குறவர் உங்க தெருவுல இருக்கார், அவர் புள்ள ஸ்கூலுக்குப் போகுது, அந்தப் படம் அந்தப் புள்ளையோட கிளாஸ் பசங்க போன்லயும் வரும். நார்வேல ஒரு மாணவர் உதவி அமைப்பு 2012ல இதைக் கிண்டல் பண்ணி ஒரு வீடியோ போட்டாங்க, ஆப்பிரிக்கர்கள் எல்லாம் சேந்து குளிர்ல நடுங்குற பாவப்பட்ட நார்வேக்காரங்களுக்கு ஹீட்டர் நன்கொடையா அனுப்புற மாதிரி. அதைப் பாத்துட்டு அப்புறம் உங்க பழைய போஸ்டரைப் பாருங்க, கொஞ்சம் கூச்சமா இருக்கும். எனக்கு இருந்துச்சு.

நாங்க என்ன பண்றோம்னா, படம் எடுக்குறதுக்கு முன்னாடி கேப்போம், போடுறதுக்கு முன்னாடி அந்தப் படத்தையும் எழுதினதையும் அவங்ககிட்டயே காட்டி மறுபடி கேப்போம். உதவி வாங்கும்போது கேட்டா யாரும் வேணாம்னு சொல்ல மாட்டாங்க, அது சம்மதம் ஆகாது, அதனால உதவி குடுத்து முடிச்சு ஒரு வாரம் கழிச்சுதான் கேக்குறது. குழந்தைங்க முகம் போடுறதே இல்ல. பின்னாடி ஸ்கூல் போர்டு, வீட்டு நம்பர், வண்டி நம்பர் தெரியுதான்னும் பாத்துக்கோங்க. அழுற முகத்துக்குப் பதிலா வேலை செய்யுற கையை எடுங்க, தையல் மெஷின்ல ஒரு கை, பக்கத்துல பாதி தெச்ச யூனிஃபார்ம், அதுவே பேசும்.

வைரல் ஆக்க ஏதாவது டெக்னிக் இருக்கா?

இருந்தா நான் இங்க எழுதிட்டு இருக்க மாட்டேன். ஆனா ஆனதைப் பாத்து கத்துக்கலாம். 2014ல பக்கெட் ஐஸ் தண்ணிய தலைல ஊத்திக்கிட்டாங்களே, ஐஸ் பக்கெட் சேலஞ்ச், அது ஏ.எல்.எஸ்.னு நரம்பு செத்து தசை இயங்காமப் போற ஒரு நோய்க்காக. ஃபேஸ்புக்ல மட்டும் 1.7 கோடி வீடியோ, அமெரிக்காவுல இருக்குற ஏ.எல்.எஸ். சங்கத்துக்கு 11.5 கோடி டாலர் வந்துச்சு. அது ஓடினதுக்குக் காரணம் ஐஸ் இல்ல, வீடியோவோட கடைசில பேர் சொல்லி ஆளைக் கூப்பிட்டு 24 மணி நேரம் கெடு வெச்சதுதான். "எல்லாரும் வாங்க"ன்னா யாரும் வர மாட்டாங்க, "டேய் மச்சான், உன்னைத்தான்"னா வந்துதான் ஆகணும். மேல நாலு பேர் வேணும்னு எழுதச் சொன்னேன்ல, அதே கதைதான்.

அந்தக் காசுல நடந்ததையும் சொல்லணும். அதோட உதவியால நடந்த ஆராய்ச்சில 2016ல நெக்1ங்கிற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் இருக்குற தொடர்பு தெரிய வந்துச்சு. அந்தப் பணத்துல ஒரு பகுதி போன ஒரு மருந்து 2022ல அமெரிக்காவுல அனுமதி வாங்குச்சு, அப்புறம் பெரிய சோதனைல வேலை செய்யலன்னு தெரிஞ்சு 2024ல கம்பெனியே திரும்ப எடுத்துக்கிச்சு. ரெண்டையும்தான் சொல்லணும், நல்லதை மட்டும் சொன்னா அடுத்த தடவை நம்ப மாட்டாங்க.

ஒரு பிரச்சினை உலகம் முழுக்கத் தெரிஞ்சுட்டா அது தீர்ந்த மாதிரிதானே?

2012 மார்ச்ல கோனி 2012னு அரை மணி நேர வீடியோ ஒண்ணு வந்துச்சு, உகாண்டாவுல குழந்தைங்களைக் கடத்திப் படைல சேத்த ஜோசப் கோனியைப் பிடிக்கணும்னு. ஆறு நாள்ல 10 கோடி பார்வை. ஆனா அந்தப் படை உகாண்டாவை விட்டுப் போயி பல வருஷம் ஆச்சுங்கிறது வீடியோல சரியா பதியல, உகாண்டாக்காரங்களே கோவப்பட்டாங்க, ஏப்ரல் 20 ராத்திரி ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டுவோம்னு கூப்பிட்டதுக்கு ரொம்பக் கொஞ்சம் பேர்தான் வந்தாங்க. வீடியோ வந்து பத்து வருஷம் தாண்டியும் கோனி பிடிபடல. விஷயத்தை எளிமையாக்கலாம், ஆனா அந்த ஊர்க்காரர் ஒருத்தர் படிச்சுப் பாத்து "இது நாங்க இல்லையே"னு சொல்லாத அளவுக்குத்தான்.

ஹேஷ்டேக் எத்தனை போடணும்? ட்ரெண்டிங்ல இருக்குறதையும் சேத்துக்கலாமா?

ஒண்ணு ரெண்டு போதும், போடுறதுக்கு முன்னாடி அதைத் தேடிப் பாருங்க, வேற யாராவது வேற எதுக்காவது வெச்சிருப்பாங்க. தமிழ்ல போட்டா நடுவுல ஸ்பேஸ் விடாதீங்க, அந்த இடத்துலயே அறுந்துடும்.

ட்ரெண்டிங்கை இழுத்துப் போடுறது சில சமயம் கெடுதல்லயே முடியும். 2020 ஜூன் 2ஆம் தேதி கறுப்பின மக்களுக்கு ஆதரவா லட்சக்கணக்கான பேர் இன்ஸ்டால வெறும் கறுப்புக் கட்டம் போட்டாங்க, நல்ல எண்ணம்தான், ஆனா பல பேர் பிளாக் லைவ்ஸ் மேட்டர் ஹேஷ்டேக்கையும் சேத்துப் போட்டதால அந்த டேக்ல தேடினவங்களுக்கு போராட்டம் எங்க, உதவி எங்கங்கிற தகவல் எல்லாம் கறுப்புக் கட்டத்துக்குள்ள புதைஞ்சு போச்சு.

வெள்ளம் பூகம்பம்னா உடனே "துணிமணி, சாமான் அனுப்புங்க"ன்னு போட்டுடலாம்ல?

கேக்காம போடாதீங்க. 2012 டிசம்பர்ல அமெரிக்காவுல நியூடவுன்ங்கிற ஊர்ல ஒரு ஸ்கூல் துப்பாக்கிச் சூட்டுல 20 குழந்தைங்களும் 6 பெரியவங்களும் செத்தாங்க. ஜனங்க மனசு கேக்காம கரடி பொம்மையா அனுப்பி, ஏறத்தாழ 65,000 பொம்மை வந்து குவிஞ்சுது. அதை வைக்க கிடங்கு, பிரிக்க ஆளு, அனுப்ப வண்டி, துக்கத்துல இருந்த ஊருக்கு இது இன்னொரு வேலை. பழைய துணியும் இப்படித்தான் வந்து மலை மாதிரி நிக்கும்.

பெரும்பாலும் பணம்தான் வேகமா உதவும். 2010 ஹைட்டி பூகம்பத்தப்போ அமெரிக்காவுல ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினா பத்து டாலர் செஞ்சிலுவைச் சங்கத்துக்குப் போற மாதிரி வெச்சாங்க, அப்படி மட்டும் 3.2 கோடி டாலர் சேந்துச்சு. பொருள்தான் வேணும்னா களத்துல இருக்குறவர்கிட்ட கேட்டு, எத்தனை, எந்த அளவு, எப்போ வரைக்கும்னு எழுதி, கிடைச்சதும் போஸ்ட்டை மூடுங்க. யார் எங்க மாட்டியிருக்காங்கங்கிற தகவலையும் ஒருத்தர் சரிபாத்து ஒரே இடத்துல போடணும், கென்யாவுல 2008 கலவரத்தப்போ உஷாஹிதின்னு இதுக்காகவே ஒரு இணைய வரைபடம் ஆரம்பிச்சாங்க, ஜனங்க அனுப்புற தகவல் அதுல ஏறும். நமக்கு அவ்வளவு வேணாம், ஒரு ஷீட்டும் ஒரு பொறுமையான ஆளும் போதும்.

படத்துலயே எல்லாத்தையும் எழுதிடறோம், தனியா டைப் பண்ணணுமா?

பண்ணுங்க. பார்வை இல்லாதவங்க போன்ல ஓடுற ஸ்க்ரீன் ரீடர் படத்துக்குள்ள இருக்குற தமிழை ஒழுங்கா படிக்கும்னு நம்ப முடியாது. டைப் பண்ணா தேடினாலும் கிடைக்கும், நம்பரைத் தொட்டாலே போன் போகும். வீடியோன்னா கீழ எழுத்து ஓடணும், பஸ்ல சத்தம் வெக்காம பாக்குறவங்கதான் அதிகம்.

நல்ல படம் இல்லைங்க, ஏஐல ஒண்ணு செஞ்சுக்கலாமா?

அலங்காரத்துக்கு பூ வேணும்னா செஞ்சுக்கோங்க. நடந்த சம்பவத்தோட படம்னு மட்டும் வேணாம். ஆம்னெஸ்டி இன்டர்நேஷனல் மாதிரி பெரிய மனித உரிமை அமைப்பே 2023ல கொலம்பியா போராட்டத்தைப் பத்தி ஏஐ படம் போட்டு, கீழ ஏஐன்னு எழுதியும்கூட கண்டனம் கிளம்பி எடுத்துட்டாங்க. அவங்க காரணம் நல்ல காரணம்தான், போராட்டத்துல இருந்தவங்களை அடையாளம் காட்டக் கூடாதுன்னு. அப்படியும் எடுபடல. ஒரு பொய்ப் படம் இருந்தா உண்மைப் படத்தையும் பொய்னு சொல்ல எதிராளிக்கு வழி கிடைச்சிடும்.

"கணக்கு காட்டு, திருடன்"னு கமெண்ட் போடுறாங்க, டெலீட் பண்ணிடலாமா?

கெட்ட வார்த்தைன்னா மறைச்சிடுங்க, கணக்கு கேட்டா மறைக்காதீங்க. கோவமா கேட்டாலும் நியாயமான கேள்வி அது. வரவு, செலவு, பில்லு, மூணையும் ஒரு ஷீட்ல போட்டு (குடுத்தவங்க பேரை அவங்க சரின்னாத்தான்) அந்த லிங்க்கைக் கமெண்ட்லயே போடுங்க, ஒரு தடவை பதில், அதோட சண்டைக்குப் போகாதீங்க. பணம் ஒருத்தரோட சொந்த அக்கவுண்டுக்கு வர்ற மாதிரி இருந்தா இந்தக் கேள்வி ஓயவே ஓயாது, பதிவு பண்ண அமைப்பு பேர்ல, ரெண்டு பேர் கையெழுத்தோட வெச்சுக்கோங்க, வெளிநாட்டுப் பணம், வரி எல்லாத்துக்கும் உங்க நாட்டு விதி என்னன்னு தெரிஞ்ச ஆடிட்டரைக் கேளுங்க. அதே மாதிரி உங்க பேர்ல போலி பேஜ் வந்தா, ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ரிப்போர்ட் பண்ணிட்டு, உங்க சரியான அக்கவுண்ட் விவரம் இருக்குற போஸ்ட்டை மேல பின் பண்ணி வைங்க.

ஒரு வாரம் கொதிக்கிறாங்க, அப்புறம் மறந்துடறாங்க, என்ன பண்றது?

2015 செப்டம்பர்ல துருக்கி கடற்கரைல ஒதுங்கின சிரியாக் குழந்தையோட படம் உலகத்தையே உலுக்குச்சு, ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு அகதிகளுக்காக வர்ற நன்கொடை பல மடங்கு எகிறுச்சு, சில வாரத்துல மறுபடி இறங்கிடுச்சு. அதுக்கே அப்படி. ஆனா மாசாமாசம் தர்றேன்னு அந்தச் சமயத்துல பதிஞ்சவங்கள்ல ரொம்பப் பேர் நிறுத்தல. கொதிக்கும்போது ஒரு பெரிய தொகை கேக்குறதைவிட சின்னதா மாசாமாசம் கேக்குறது மேல்னு நான் சொல்றது இதனாலதான்.

கேட்டதுக்கு மேல பணம் வந்துடுச்சு, மிச்சத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடலாமா?

நல்ல காரியம்தானேன்னு தோணும், ஆனா பணம் போட்டவர் குடுத்தது இன்னாருக்குன்னு. முதல் போஸ்ட்லயே ஒரு வரி எழுதிடுங்க: "தேவைக்கு மேல வந்தா அடுத்து காத்திருக்குறவருக்குப் போகும்." எழுதலையா, அப்போ மிச்சம் இவ்வளவு இருக்கு, இப்படி செய்யலாம்னு இருக்கோம், வேணாம்னா பத்து நாளைக்குள்ள சொல்லுங்க திருப்பித் தர்றோம்னு குடுத்தவங்களுக்கு மெசேஜ் அனுப்புங்க. நாங்க ஒரு தடவை அப்படி அனுப்பினோம், திருப்பிக் கேட்டது ஒரே ஒருத்தர், அவரும் நாலு நாள் கழிச்சு மறுபடி அனுப்பிட்டார், கொஞ்சம் கூடவே. போஸ்ட்டை அதுக்கப்புறம்தான் மூடினோம்.